மலைவீட்டு இசைத்தட்டுகளில் 1931: பிரிட்டிஷ் இசையின் ஓர் ஆண்டைக் கேட்கும் முறை

நீலகிரியில் பழைய பங்களாக்கள் கைமாறும்போது, மேசை நாற்காலிகளுக்கு விலை பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்காமல் விடுவது, பரணிலோ படிக்கட்டுக்கு அடியிலோ அடுக்கி வைத்த அரக்கு இசைத்தட்டுகளைத்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக் காயலான் கடைக்கு வந்து சேர்ந்த பிறகும் அவற்றை யாரும் ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு பெட்டி உங்கள் கைக்கு வந்தால், அதிலிருந்து ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு முழுமையாகக் கேளுங்கள். நடன அரங்கிலும் திரைப்படத்திலும் கச்சேரி மண்டபத்திலும் ஒரே சமயத்தில் ஒலித்தவற்றைச் சேர்த்துக் கேட்டால்தான், இரு உலகப் போர்களுக்கு இடையே பிரிட்டன் எப்படி இருந்தது என்பது காதில் விழும். ஓர் இசைமேதையை மட்டும் பின்தொடர்ந்தால் அது விழாது.

நான் பரிந்துரைப்பது 1931. பொருளாதார மந்தத்தில் விற்பனை சரிந்ததால், நாய் மார்க் (எச்.எம்.வி.) தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியும் அதன் பெரும் போட்டியாளரான கொலம்பியாவும் அந்த ஆண்டில்தான் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. செப்டம்பரில் பிரிட்டன், நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்க மதிப்பீட்டைக் கைவிட்டது. நவம்பர் 12 அன்று லண்டனில் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடம் திறக்கப்பட்டபோது, 74 வயதான இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் இசைக்குழுவை நடத்தினார். டிசம்பரில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் இரு வழி ஒலிப்பதிவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்வதன் வேர்களில் ஒன்று அது.

முதல் வேலை, எந்தத் தட்டு எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பது. லேபிளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. எச்.எம்.வி. தட்டு என்றால் பட்டியல் எண்ணின் முன்னெழுத்தைப் பாருங்கள்: பி என்றால் 10 அங்குலம், சி என்றால் 12 அங்குலம், இரண்டுமே கருஞ்சிவப்பு லேபிள், டி.ஏ., டி.பி. என்பவை விலை கூடிய சிவப்பு லேபிள் தட்டுகள். பிறகு லேபிளைச் சுற்றி, ஊசி ஓடும் வரி முடிந்து வழவழப்பாக இருக்கும் வளையத்தின் மேல் ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அங்கே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது அந்தப் பதிவுக்குரிய அடையாள எண்ணை அடுத்து ஒரு சிறு முக்கோணம் தெரிந்தால், அது 1925 முதல் புழக்கத்தில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்முறைப் பதிவு, அதாவது மைக் வழியாகச் செய்த பதிவு. சிறு சதுரம் தெரிந்தால், அதற்கு மாற்றாகப் புளூம்லைன் உருவாக்கி 1931இல் பயனுக்கு வந்த முறை. ஆக, அந்த ஆண்டுத் தட்டுகளில் முக்கோணமும் இருக்கும், சதுரமும் இருக்கும். கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான தட்டாக இருந்தாலும் இங்கிலாந்துப் பதிவின் எண்ணே அதில் இருக்கும். இணையத்திலுள்ள கிராமபோன் கம்பெனிப் பட்டியல்களில் அதைத் தேடினால் பதிவான நாள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அடுத்தது சுத்தம் செய்வது. இதில் அவசரம் கூடாது. ஊட்டி மேற்குப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமும் வீட்டுக்குள் ஈரத்தை நிறைப்பதால், உறைகளில் பூசணம் பிடிக்காத பெட்டி கிடைப்பது அரிது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வெளியே திண்ணையில் வைத்து, மென்மையான தூரிகையால் வரிகளின் போக்கிலேயே துடைத்தெடுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். கறை போகவில்லை என்றால், காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஓரிரு சொட்டு விட்டு, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் லேபிளில் படாமல் துடைத்து, உடனே உலர்த்துங்கள். ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் கூடவே கூடாது, ஏனென்றால் தட்டின் உயிரான அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். தண்ணீரில் ஊறவும் விடக்கூடாது. குறிப்பாகக் கொலம்பியா தட்டுகளுக்குள் காகித அடுக்கு உண்டு, அது ஈரம் இழுத்து உப்பும். வெயிலில் காய வைத்தால் தட்டு நெளிந்துவிடும். காய்ந்தவற்றைப் புது உறையில் இட்டு, 10 அங்குலத்தையும் 12 அங்குலத்தையும் தனித்தனியாக, நிமிர்த்தி அடுக்குங்கள்.

சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி உங்களிடம் இருந்தால், ஒரு பக்கத்துக்கு ஒரு புது இரும்பு ஊசி என்பதே விதி. தேய்ந்த ஊசி உளி வேலை செய்துவிடும். ஆனாலும் அரிய தட்டுகளை அந்தக் கனமான கையின் கீழ் அடிக்கடி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். நிமிடத்துக்கு 78 சுற்று வேகமுள்ள மின்சார டர்ன்டேபிளும் (தட்டைச் சுழற்றும் கருவி), 3 மில், அதாவது ஏறத்தாழ 75 மைக்ரான் முனையுள்ள ஊசியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்கால லாங்ப்ளே (எல்.பி.) தட்டுகளுக்கான ஊசியின் முனை மிகச் சிறியது, அது வரியின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் வாரித் தரும். வேகம் சரியா என்று பார்க்க, 77 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோபோ வட்டத்தை (வேகம் காட்டும் காகித வட்டம்) அச்செடுத்துத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக் பொருத்திய டியூப் லைட்டின் கீழ் சுழல விடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், நிமிடத்துக்கு 77.92 சுற்று வரும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். கணினியில் பதிவு செய்கிறவர்கள் ஆடாசிட்டி போன்ற செயலியில் 78 தட்டுக்குரிய ஒலிச் சமன் அமைப்பை (ஈக்வலைசேஷன்) தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் மேல் ஸ்வரங்கள் மங்கிவிடும்.

இனிக் கேட்கும் வரிசை. சிறியதிலிருந்து தொடங்குங்கள். ரே நோபிள் நடத்திய குழுவுடன் ஆல் பௌலி பாடிய ‘குட்நைட், ஸ்வீட்ஹார்ட்’ 1931இன் முதல் மாதங்களில் பதிவானது. 1920களில் கல்கத்தா ஹோட்டல் இசைக்குழுவில் வாசித்த பௌலி, மின்சார மைக்கின் அருகே நின்று குரலை உயர்த்தாமல் பாடுகிறார். முக்கோணமும் சதுரமும் எதற்கு என்பது இங்கே புரியும். அடுத்து, கிரேஸி ஃபீல்ட்ஸ் அதே ஆண்டுப் படமொன்றில் பாடிய ‘சாலி’. பிறகு, யார்க் இளவரசரின் சிறு பெண்களான எலிசபெத்துக்கும் மார்கரெட்டுக்கும் எல்கர் எழுதிய ‘நர்சரி சூட்’. அதன் பிறகு, அபே ரோடு திறந்த நாட்களில் எல்கர் தாமே நடத்திப் பதிவு செய்த ‘ஃபால்ஸ்டாஃப்’ என்ற தமது இசைக்குழுப் படைப்பு. அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்தப் படைப்பு நாலு நிமிடப் பக்கங்களாக வெட்டுப்பட்டிருக்கும்; தட்டைத் திருப்பும் இடைவெளியைக் குறையாக எண்ணாமல், அப்போது கேட்டவர்கள் கேட்டபடியே ஒரு முறையாவது கேளுங்கள்.

அந்த ஆண்டின் இரு பெரும் படைப்புகள் 1931ஆம் ஆண்டுத் தட்டாக எந்தப் பெட்டியிலும் கிடைக்காது. ஜூலையில் மேடையேறிய, இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் ‘யோபு’ நடன நாடகம் போருக்குப் பிறகுதான் தட்டாக வந்தது. அக்டோபர் 8 அன்று லீட்ஸ் விழாவில் மால்கம் சார்ஜென்ட் நடத்திய, 29 வயது இசையமைப்பாளர் வில்லியம் வால்டனின் ‘பெல்ஷாத்சாரின் விருந்து’ என்ற பாடற்குழுப் படைப்பு 1943 வரை காத்திருந்தது. நிறுவனங்கள் விற்பனைக்கு உறுதியானதைத்தான் பதிவு செய்தன. எனவே பிற்காலப் பதிவுகளை இணையத்தில் தேடி இந்த வரிசையின் கடைசியில் சேருங்கள்.

‘பெல்ஷாத்சார்’ கேட்கும் முன் தமிழ் வேதாகமத்தில் தானியேல் 5ஆம் அதிகாரத்தையும் 137ஆம் சங்கீதத்தையும் படித்துவிடுங்கள். ‘மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்’ என்று கை எழுதும் இடத்தில் இசைக்குழு ஏறக்குறைய அடங்கித் தாளக் கருவிகளே மிஞ்சுகின்றன. ராஜா கொல்லப்பட்ட செய்தியைத் தனிக்குரல் சொன்னதும், பாடற்குழு ‘கொல்லப்பட்டான்’ என்ற அந்த ஒரு சொல்லை வெறும் கூச்சலாக எறிகிறது. ‘யோபு’வில், ஆறுதல் சொல்ல வரும் மூன்று போலி நண்பர்களுக்குச் சாக்ஸபோனைக் கொடுத்திருக்கிறார் வான் வில்லியம்ஸ். வால்டனின் இசைக்குழுவிலும் அதே கருவி உண்டு. நடன அரங்கின் கருவி வேதாகமக் கதைக்குள் நுழைந்த ஆண்டு என்பதை உணர வேண்டுமானால், முதலில் நடனத் தட்டைக் கேட்டிருக்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கேட்டு முடித்த ஒவ்வொரு தட்டின் உறையிலும் மேட்ரிக்ஸ் எண், முக்கோணமா சதுரமா என்ற குறிப்பு, பதிவான நாள், பெட்டி கிடைத்த ஊர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். உறைக்குள் தட்டு இல்லாதபோது எழுதுங்கள். அழுத்தினால் அரக்கு விரிசல் விடும்.