எண்ணூறு வெள்ளி அறைக்கும் எழுத்து வேண்டும்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் நான்கறை வீட்டில் (கூடத்தையும் சேர்த்து நான்கு) மூன்று படுக்கையறைகள். பிள்ளைகள் இருவரும் திருமணமாகிப் போன பிறகு ஓர் அறையில் நானும் கணவரும் இருக்கிறோம். மற்ற இரண்டையும் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வருபவர்களுக்குப் பதினோரு ஆண்டுகளாக வாடகைக்கு விடுகிறோம். இப்போது ஓர் அறைக்கு மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்); தண்ணீரும் மின்சாரமும் அதற்குள் அடக்கம்.

முதன்முதலில் வந்தவருக்கு ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. "நம்ம ஊர்ப் பிள்ளை, இவ்வளவு குறைந்த வாடகைக்குக் காகிதம் எதற்கு" என்று இருந்துவிட்டோம். இரண்டு மாத வாடகை பாக்கியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனபோது, கையில் காட்ட ஒரு வரிகூட இல்லை. பெரிய வாடகைக்கு விடுபவர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்கள். சிறிய வாடகைக்கு விடும் நம்மைப் போன்றவர்கள்தான் வாய்ப்பேச்சை நம்புகிறோம். உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆள் குடிவருவதற்கு முன்பே வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி வாங்கிவிடுங்கள். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாக வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரு விண்ணப்பத்துக்குக் குறைந்தது 6 மாதம். சுற்றுலா வருபவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று விடக்கூடாது. அறையை மட்டும் விடுகிறீர்கள் என்றால் நீங்களும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். உங்கள் அறையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டில் போய்த் தங்குவது விதிமீறல். கூடத்தில் பலகை அடித்து இன்னோர் அறை உண்டாக்குவதும் அப்படியே.

அடுத்தது, ஆளின் வேலை அனுமதி அட்டை. இதில்தான் நான் மிகக் கண்டிப்பு. அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏற்கமாட்டேன். அசல் அட்டையும் கடவுச்சீட்டும் என் சாப்பாட்டு மேசைக்கு வர வேண்டும். மனிதவள அமைச்சின் எஸ்ஜிஒர்க்பாஸ் செயலியில் அட்டையின் கியூஆர் குறியீட்டை வருடினால் அது நடப்பில் இருக்கிறதா என்று உடனே தெரியும். ஒருமுறை நல்ல பிள்ளையாகத் தெரிந்த ஒரு தம்பியின் அட்டையை வருடியபோது, அனுமதி ரத்தாகியிருந்தது. முதலாளி அவனிடம் சொல்லவே இல்லை. பையன் முகம் வெளிறிப்போனது. சாப்பிட வைத்து, விடிந்ததும் மனிதவள அமைச்சுக்குப் போகச் சொல்லி அனுப்பினேன், அறையைக் கொடுக்கவில்லை. சோதிக்காமல் சட்டவிரோதக் குடியேறிக்கு இடம் கொடுத்தால், கவனக்குறைவு என்றாலும் அபராதமோ சிறையோ வரலாம். வீவகவிடம் விண்ணப்பிக்கும்போது ஆளின் வேலை அனுமதியில் 6 மாதமாவது மீதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைகளில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் மலேசியர்களாக இருந்தால் மட்டுமே வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கலாம். ஊர்க்காரர்கள் என்று மனம் இளகும். ஆனால் பிடிபட்டால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேடு.

ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு எழுதுகிறேன், முன்பணம் ஒரு மாத வாடகை. ஒப்பந்தத்துக்கு அரசாங்கத்துக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 800 வெள்ளி அறைக்கு ஓராண்டுக்கு 38 வெள்ளிதான். வழக்கமாகக் குடியிருப்பவர் கட்டுவது. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்ட வைத்துவிடுவேன். தகராறு வந்து சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போக நேர்ந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை அங்கே கொண்டு போகலாம். 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

வாடகை நாள் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு ஒன்றாம் தேதி என்று வைத்திருந்தேன். மாதந்தோறும் தாமதம், மாதந்தோறும் மனக்கசப்பு. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் முதலாளி சம்பளம் கொடுத்தால் போதும் என்பது இங்கே சட்டம். அப்படியிருக்க ஒன்றாம் தேதி அந்தப் பிள்ளைகள் கையில் பணம் எப்படி இருக்கும்? எட்டாம் தேதிக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு வாடகை கேட்டு நான் ஒரு கதவையும் தட்டியதில்லை. ரொக்கம் வாங்குவதில்லை, கைப்பேசி வழியே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் பேநவ் மட்டும். கணக்கு தானாக இருக்கும், ஏப்ரல் 18க்குள் வருமான வரி தாக்கல் செய்யவும் உதவும். ரசீது சேர்த்து வைக்காவிட்டாலும் வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

குளிர்சாதனம் இரவு 9 முதல் காலை 7 வரை என்று எழுதிவிடுங்கள். சமையல் உண்டா இல்லையா என்பதையும் அப்படியே. நான் அனுமதிக்கிறேன், மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் அவர்கள் ஊருக்கு என்ன அனுப்புவார்கள்?

மூட்டைப்பூச்சியை மட்டும் இலேசாக எண்ணாதீர்கள். ஒருமுறை வந்து, பூச்சி ஒழிப்பவரை மூன்று தடவை கூப்பிட வேண்டியதாயிற்று. அதன்பின் மரக்கட்டில்களை எடுத்துவிட்டு இரும்புக் கட்டில் போட்டேன். ஒருவர் காலி செய்ததும் மெத்தையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அதுதான் அடையாளம். விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன்.

குடிவரும் நாளில் சுவர், மெத்தை, குளிர்சாதனம், சாவி எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுவேன். போகும் நாளில் அதே படங்களைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் அறையைச் சுற்றிப் பார்ப்போம். சுவரில் ஆணித்துளை, கதவில் கீறல் போன்றவற்றுக்கு நான் முன்பணத்தில் பிடிப்பதில்லை. ஓராண்டு ஒரு மனிதர் வாழ்ந்த அறை அது. உடைந்த பொருளுக்கு மட்டும் பில்லைக் காட்டிப் பிடிப்பேன். மீதி முன்பணம் அவர் காலணி மாட்டுவதற்கு முன் பேநவ்வில் போய்விட வேண்டும். பல பிள்ளைகளுக்கு அதுதான் திருச்சி விமான டிக்கெட்.