மரபணு அறிக்கை கையில் இருந்தும் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஒரு புதிய பண்ணைக்குச் சென்றிருந்தபோது, அதை நடத்தும் இளைஞர் தம் கிடேரிகளின் மரபணுப் பரிசோதனை முடிவுகளைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். "இந்தக் கிடேரிக்குத் தகப்பன் எது, தம்பி?" என்று கேட்டேன். "நல்ல காளைதான் டாக்டர், நம்பர்தான் ஞாபகம் இல்லை" என்றார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே பதிலை ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். பால் அளவை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுப்பது போன்ற தவறுகளை எல்லோரும் சொல்லிவிட்டதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

காளையின் எண்ணை எழுதாமல் விடுவது

உறைவிந்துக் குச்சியை, அதாவது காளையின் விந்தை உறையவைத்து அடைத்த மெல்லிய குழாயை, வெதுவெதுப்பான நீரில் இளக்கித் துடைக்கும்போது, அதன் பக்கவாட்டில் காளையின் எண் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பது தெரியும். அதைப் பதிவேட்டில் எழுத அரை நிமிடம் போதும். நான் மேற்பார்வையிட்ட பண்ணையில் அந்த அரை நிமிடத்தைச் செலவிடாமல், சினை ஊசி போட்டு முடித்ததும் வெறும் குச்சியைச் சாணக் குழியில் எறிந்துகொண்டிருந்தோம். உறைவிந்தைச் சேமிக்கும் நைட்ரஜன் கேனில் ஒரே காளையின் குச்சிகள் நிறைய இருந்தன. அந்தக் காளையின் மகள்களுக்கும் அதே காளையின் விந்தைச் செலுத்தியிருக்கிறோம் என்பது மூன்று ஆண்டுகள் கழித்துப் பழைய ரசீதுகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதற்குள் பல கிடேரிகள் சினை நிற்காமல் மீண்டும் பருவத்துக்கு வந்தன. சில கிடேரிகள் வழக்கமான 21 நாளில் வராமல் 40 நாள் கடந்து வந்தன. கரு உருவாகிப் பின் அழிந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது. நான் அதைத் தீவனக் குறை என்று எண்ணி, தாது உப்புக் கலவையை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காளை மறைந்திருக்கும் மரபணுப் பழுது ஒன்றைச் சுமந்தால், அதன் மகள்களில் ஏறத்தாழப் பாதிக்கு அப்பழுது இறங்கும். அம்மகள்களுக்கு அதே காளையைப் பயன்படுத்தினால், உருவாகும் கருக்களில் எட்டில் ஒன்று அதைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெறும். 1962-இல் அமெரிக்காவில் பிறந்த 'பாவ்னி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் இனக் காளைக்கு மகள்கள் மட்டும் 16,000. அதனிடம் ஏபிஏஎஃப்1 என்னும் மரபணுவில் ஒரு பழுது இருந்தது. அதை இருவழியிலும் பெற்ற கரு பிறக்காமலே அழியும். இதனால் உலகெங்கும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கருச்சிதைவுகளும் சுமார் 42 கோடி டாலர் இழப்பும் நேர்ந்திருக்கும் என்று 2016-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதே காளையின் வழிவந்த பசுக்கள் கூடுதலாகக் கறந்த பாலின் மதிப்பு அந்த இழப்பைவிடப் பன்மடங்கு என்பதையும் சொல்ல வேண்டும். எனவே பழுதைச் சுமக்கும் காளையை ஒதுக்கியே ஆகவேண்டும் என்பதில்லை. பழுதைச் சுமக்கும் இரண்டை இணை சேர்க்காமல் இருந்தாலே போதும், ஆனால் அதற்குத் தகப்பன் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பண்ணையில் நடந்தது இத்தகைய பழுதா, வெறும் தீவனக் குறையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

மடிநோயைக் குறித்துவைக்காமல் மரபணுவை மட்டும் சோதிப்பது

பரிசோதனையில் பசுவின் மரபணுக் குறிகளைப் படிக்கும் கருவியான மரபணுச் சில்லு தானாக எதையும் அறியாது. ஆயிரக்கணக்கான பசுக்களின் நோய்க் குறிப்புகளோடு ஒப்பிட்டே அது பேசும். மடிநோயைத் தாங்கும் தன்மை, பால் கறக்கும் தன்மையைவிட மிகக் குறைவாகவே மரபுவழி இறங்குவதால், அதற்கு இன்னும் அதிகமான குறிப்புகள் வேண்டும். நார்வேயில் பசுக்களின் சிகிச்சைகளை 1970-களிலேயே நாடளாவிய அளவில் பதியத் தொடங்கி, 1978 முதல் காளைத் தேர்வில் மடிநோயையும் சேர்த்துக்கொண்டார்கள். சில்லுகள் சந்தைக்கு வந்தது அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான்.

அயல்நாட்டு மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

அமெரிக்க ஹோல்ஸ்டீன் மந்தைகளை வைத்து ஒரு காளைக்குக் கணித்த மரபணு மதிப்பு, நம் வெயிலில் நம் தீவனம் தின்னும் ஜெர்சி கலப்பினத்துக்கு அதே துல்லியத்தோடு பொருந்தாது.

ஏ2 பரிசோதனையை உடல்நலப் பரிசோதனை என்று எண்ணுவது

அது பாலிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றியது. பசுவின் நலத்தைப் பற்றியதன்று.

வால்முடியைக் கத்தரித்து அனுப்புவது

பிடுங்கி அனுப்புங்கள். மரபணுப் பரிசோதனைக்கு வேண்டியது முடியின் வேர்தான்.