‘டிபெண்ட்’: நம்பியா, பொறுத்தா, சார்ந்தா?

போன வாரம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டில் இந்த வரியைப் பார்த்தேன்: ‘ஃபார்மர்ஸ் டிபெண்ட் த ரெயின்.’ விவசாயிகள் மழையை நம்பி இருக்கிறார்கள் என்று தமிழில் யோசித்து எழுதியிருக்கிறான். ‘மழையை’ என்று ‘ஐ’ உருபோடு நினைத்ததால் ஆங்கிலத்தில் வேறு எதுவும் தேவைப்படவில்லை. அங்கேதான் ‘ஆன்’ விடுபட்டுப்போனது. தமிழ் வழியில் படித்த நம்மில் பலருக்கும் இதே இடத்தில்தான் சறுக்கும்.

படி 1: தமிழில் எந்தச் சொல் என்று பாருங்கள்

இந்த ஒரு வினைச்சொல்லுக்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு.

சார்ந்திருத்தல்: ‘மெனி ஃபார்மர்ஸ் டிபெண்ட் ஆன் த மான்சூன்.’ மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்குப் பிழைப்பே பருவமழைதான்.

நம்புதல்: ‘யூ கேன் டிபெண்ட் ஆன் ஹெர்.’ அவரை நம்பலாம், கைவிட மாட்டார்.

பொறுத்தது: ‘த ஃபேர் டிபெண்ட்ஸ் ஆன் த டிஸ்டன்ஸ்.’ கட்டணம் தூரத்தைப் பொறுத்தது.

முதல் இரண்டு இடத்திலும் ‘ரிலை ஆன்’ என்றும் சொல்லலாம். மூன்றாவதில் சொல்லவே கூடாது. தூரத்தைக் கட்டணம் ‘நம்பி’ இருக்காதே!

படி 2: ‘ஆன்’ என்ற ஆணியை அடியுங்கள்

டிபெண்ட் என்பதன் லத்தீன் மூலத்துக்குத் ‘தொங்குதல்’ என்று பொருள். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பெண்டன்ட், சுவர்க் கடிகாரத்தில் ஆடும் பெண்டுலம் எல்லாம் அதே குடும்பம். சார்ந்திருப்பதை நாம் கொடி கொழுகொம்பைப் பற்றுவதாகச் சொல்கிறோம். லத்தீன்காரர்கள் தொங்குவதாகப் பார்த்திருக்கிறார்கள். தொங்குகிற பொருளுக்கு ஓர் ஆணி வேண்டும் அல்லவா? ‘ஆன்’தான் அந்த ஆணி. பையனிடம் இதைச் சொன்னதும் அழிப்பானை எடுக்காமல், ‘டிபெண்ட்’டுக்கும் ‘த’வுக்கும் நடுவே ஒரு கூரை போட்டு, அதன் மேல் ‘ஆன்’ என்று எழுதினான்.

‘டு’, ‘இன்’ இரண்டும் இங்கே வேண்டாம். ‘அப்பான்’ போடலாம், கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும்.

படி 3: ‘இஸ் டிபெண்டிங்’ எங்கே வரும்?

‘அது விலையைப் பொறுத்து இருக்கு’ என்று பேசிப் பழகியதால் ‘இட் இஸ் டிபெண்டிங் ஆன் த பிரைஸ்’ என்று வந்துவிடுகிறது. ‘பொறுத்தது’ என்ற பொருளில் எப்போதும் ‘இட் டிபெண்ட்ஸ்’தான், கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிடாதீர்கள். ஆனால் ஒருவரிடம் நேராக ‘ஐ ஆம் டிபெண்டிங் ஆன் யூ’ என்று சொல்வது சரி. உங்களைத்தான் நம்பி இருக்கிறேன் என்று அர்த்தம்.

யாராவது கேள்வி கேட்டு, உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் ‘இட் டிபெண்ட்ஸ்’ என்று மட்டும் சொன்னாலே போதும். ‘அது சூழ்நிலையைப் பொறுத்தது’ என்பது முழுதும் அதில் அடங்கிவிடும். இங்கே ஆணி வேண்டாம்.

படி 4: பின்னால் ஒரு முழு வாக்கியம் வந்தால்

‘அவள் வருவாளா என்பதைப் பொறுத்தது’ என்பதை ‘இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் ஷி கம்ஸ்’ என்று சொல்லுங்கள். ‘ஆன்’னுக்குப் பிறகு ‘இஃப்’ போடக்கூடாது. ‘ஹவ்’, ‘வாட்’ போன்றவை வரும்போது பேச்சில் ‘ஆன்’னை விட்டுவிடுவார்கள்: ‘இட் டிபெண்ட்ஸ் ஹவ் மச் யூ ஈட்.’ பரீட்சையில் மட்டும் ‘ஆன்’ போட்டே எழுதுங்கள்.

படி 5: இண்டிபெண்டன்ட்

டிபெண்டன்ட் என்றால் ‘ஆன்’. இண்டிபெண்டன்ட் என்றால் ‘ஆஃப்’. ‘ஷி இஸ் இண்டிபெண்டன்ட் ஆஃப் ஹெர் பேரண்ட்ஸ்.’ ஒரு நாடு விடுதலை பெற்றதைச் சொல்லும்போது ‘ஃப்ரம்’ வரும்: ‘இந்தியா பிகேம் இண்டிபெண்டன்ட் ஃப்ரம் பிரிட்டன் இன் 1947.’

சரி, இப்போது இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எந்த வரியிலாவது ‘ரிலை’யும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

பாட்டி அந்தப் பென்ஷனை நம்பித்தான் இருக்கிறார்.
எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சமைக்கலாம்.
அவன் சொன்னால் செய்வான், நம்பலாம்.