இண்டெக்ஸ் ஃபியூச்சருக்குள் ஒளிந்திருந்த ஷார்ட்

லக்சம்பர்க்கில் ஒரு ஃபண்ட் நிறுவனத்தில் ஷார்ட் பொசிஷன், அதாவது பங்கு விலை இறங்கினால் லாபம் தரும் நிலை, பற்றிய அறிக்கைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நிகர ஷார்ட் (விலை ஏறினால் லாபம் தருபவற்றைக் கழித்து மிஞ்சுவது) ஒரு கம்பெனியின் மொத்தப் பங்குகளில் 0.1 சதவீதத்தைத் தொட்டால், அடுத்த வர்த்தக நாள் மாலை 3.30-க்குள் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். 0.5 தொட்டால் பெயரோடு ஊருக்கே தெரிந்துவிடும்.

எங்கள் மென்பொருள் புட் ஆப்ஷனை (குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமை) டெல்டாவால் (பங்கு விலை நகரும்போது ஆப்ஷன் விலை அதில் எவ்வளவு பங்கு நகரும் என்ற விகிதம்) பெருக்கியது, சரி. இண்டெக்ஸ் ஃபியூச்சரை (பல பங்குகள் சேர்ந்த குறியீட்டின் மீதான முன்பேர ஒப்பந்தம்) மட்டும் உள்ளிருக்கும் பங்குகளாகப் பிரித்துப் பார்க்கவே இல்லை. 10 கோடி பங்குள்ள கம்பெனி என்று வையுங்கள்: 2 லட்சம் பங்குக்கு வாங்கிய புட், டெல்டா 0.4, ஆக 80,000. எல்லைக்குள்தான். ஆனால் விற்றிருந்த ஃபியூச்சருக்குள் அதே பங்கு 30,000. கூட்டினால் 1,10,000, அதாவது 0.11 சதவீதம்!

இண்டெக்ஸில் எந்தப் பங்கு எவ்வளவு என்ற எடைப் பட்டியலைத் தினமும் இறக்கி, நள்ளிரவுக் கணக்கில் சேர்த்தேன். எதையும் வாங்காமல் விற்காமலே டெல்டா நகரும் என்பதால், 0.09-லேயே எச்சரிக்கை வரும்படி வைத்தேன். டிரேடர்களுக்குத்தான் அது எரிச்சல்.