ப்ரொப்பல்லருக்கு ஒரு கறுப்புப் பை

படகை இரண்டு மூன்று வாரம் தண்ணீரிலேயே விட்டுப் போகிறீர்களா? ப்ரொப்பல்லரை ஒரு கெட்டியான கறுப்புக் குப்பைப் பையில் நுழைத்து, ஷாஃப்டோடு (அதைச் சுழற்றும் தண்டு) சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். திரும்பி வந்து பையை அவிழ்த்தால் இறக்கைகள் அநேகமாகச் சுத்தமாகவே இருக்கும்.

சிங்கப்பூர், லங்காவி பக்கத்துப் படகுத்துறைகளில் தண்ணீர் வருடம் முழுக்கச் சுமார் 28–30 டிகிரி. கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி) குஞ்சுகள் மிதந்து வந்து ஒட்ட இடம் தேடிக்கொண்டே இருக்கும். பை அவற்றை உள்ளே விடாது. உள்ளே தேங்கிய நீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிடுவதால் ஏற்கெனவே ஒட்டியதும் பிழைக்காது. வெளிச்சம் இல்லாததால் பாசியும் பிடிக்காது.

பை கட்டிய கயிற்றில் மிஞ்சிய ஒரு துண்டை, நினைவுக்காக எஞ்சின் சாவியில் கட்டித் தொங்கவிடுங்கள். பை இருப்பதை மறந்து கியர் போட்டால் கயிறு ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும், அப்புறம் முக்குளித்துத்தான் வெட்டி எடுக்கணும்.

இது வெண்கல ப்ரொப்பல்லருக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வேண்டாம், ஆக்ஸிஜன் இல்லாத தேங்கிய உப்பு நீரில் அது குழி குழியாக அரிக்கும். அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) என்றால் பையே தேவையில்லை, தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தால் போதும். தினமும் ஓடும் படகுக்கும் இது வீண் வேலை.

படகின் அடிப்பகுதிக்குப் பை கட்ட முடியாது. ஒட்டியது வெறும் வழவழப்பான பாசியாக இருக்கும்போதே மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். கம்பி பிரஷ் போட்டால் இவை ஒட்டாமல் தடுக்கும் செம்பு கலந்த பெயின்ட்டும் சேர்ந்தே போய்விடும்.