டீம் வாய்ஸ மட்டும் ஆஃப் பண்ணுங்க, மொத்தமா இல்ல

வாலரண்ட் (அஞ்சு பேர் டீமா ஆடுற ஆன்லைன் ஷூட்டிங் கேம்) ஆடுற பொண்ணுங்களுக்கு: குரல கேட்டதும் "கிச்சனுக்கு போ"ன்னு ஆரம்பிக்கிற ரேண்டம் ஆளுங்களுக்காக மைக்கையே கழட்டி வைக்காதீங்க, செட்டிங்ஸ்ல ஆடியோ, அதுல வாய்ஸ் சாட் போய் டீம் வாய்ஸ (டீம்ல எல்லாருக்கும் கேக்குறது) மட்டும் ஆஃப் பண்ணிட்டு பார்ட்டி வாய்ஸ (நீங்களே கூட்டிட்டு வந்த ஆளுங்களுக்கு மட்டும் கேக்குறது) ஆன்லயே விடுங்க.

ரெண்டும் தனித்தனி சேனல், அதனால தோழியோட சேர்ந்து க்யூ போட்டா (அதாவது ஒண்ணா மேட்ச் தேடுனா) உங்க ரெண்டு பேர் பேச்சு உங்களுக்குள்ளயே இருக்கும், மத்த மூணு பேருக்கு ஒண்ணும் கேக்காது, அவங்க கத்துறதும் உங்களுக்கு கேக்காது. எதிரி எங்கன்னு சொல்ல பிங் (பேசாம டீமுக்கு இடத்தக் காட்டுற குறி) போதும், பிசில டிஃபால்ட்டா Z கீ, அத அழுத்திப் பிடிச்சா சக்கரம் மாதிரி ஒண்ணு வரும், அதுல "உதவி வேணும்", "இங்க நான் பாத்துக்கறேன்"னு தேர்ந்தெடுக்கலாம். டெக்ஸ்ட்ல கண்டத டைப் பண்றவனுக்கு மியூட் பண்ண வேண்டிய வார்த்தைகள்னு ஒரு லிஸ்ட் இருக்கு, தங்கிலீஷ் கெட்ட வார்த்தைய எல்லா ஸ்பெல்லிங்லயும் நீங்களே சேத்துக்கணும் (நம்ம பசங்க ஸ்பெல்லிங்ல ரொம்ப கிரியேட்டிவ்).

தனியா க்யூ போட்டா இது வேலைக்கு ஆகாது, பார்ட்டின்னு ஒண்ணு இருந்தாதான பார்ட்டி வாய்ஸ். ரேங்க்ல மேல போகப் போக காதுல தகவல் வராம ஆடுறது கஷ்டம், அங்க டீம் வாய்ஸ ஆன்ல வச்சுட்டு, தொல்லை பண்ற அந்த ஒருத்தன மட்டும் மியூட் பண்ணுங்க. எதுவா இருந்தாலும் மேட்ச் முடியறதுக்குள்ள ரிப்போர்ட் அடிச்சிடுங்க, மியூட் பண்ணா அவன் உங்களுக்கு மட்டும்தான் கேக்க மாட்டான், அடுத்த மேட்ச்ல இன்னொரு பொண்ணுகிட்ட அதையேதான் பேசுவான்.