குரும்பப்பட்டிக்குக் குடும்பத்தோடு ஒரு நாள்

சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குச் சேலத்திலிருந்து செல்வோர், வார விடுமுறை எந்நாள் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் புள்ளிமான்கள் மர நிழலில் படுத்து, காதுகளை மட்டும் ஆட்டியபடி அசைபோடத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு முதுகுப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதலை மட்டும் இதற்கு விலக்கு. உடற்சூட்டுக்குக் கதிரவனையே நம்பியிருக்கும் அது, கரையில் வாயைப் பிளந்தபடி கிடப்பது கோபத்தால் அன்று, மிகுந்த வெப்பத்தைத் தணித்துக்கொள்ளவே என்பதைச் சிறுவர்களுக்கு நின்று நிதானமாகச் சொல்லலாம். மதியத்துக்குப் புளிசோறே போதும். தயிர்சோறு இந்த வெயிலில் புளித்துவிடும். குரங்குகளின் கண் பைமீதே இருக்குமாதலால், உணவைத் தூக்குச்சட்டியில் மூடி எடுத்துச் செல்லவும்.